வெள்ளச்சியின் வயிறு

தெஹியோவிட்டயில் தீவனக் கடை வைத்திருக்கும் எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது மாட்டைவிட உயரம் என்பது மட்டும்தான். ஆனாலும் இரண்டு வருஷமாக ஒரு குதிரைக்குத் தவிடும் புண்ணாக்கும் விற்று வந்தேன். வாங்க வருபவள் இருளாயி. அவள் வாய்க்குப் பயந்து தராசை இரண்டு தரம் பார்ப்பேன்.

இருளாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வயதிலிருந்து றப்பர் பால் வெட்டியவள். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது, வருகிற விருந்தாளிகளை ஏற்றித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதற்காக நுவரெலியாவிலிருந்து ஒரு வெள்ளைப் பெண் குதிரையை லொறியில் கொண்டுவந்தார்கள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. ஆம்பிளைகள் எல்லாரும் பத்தடி தள்ளி நின்று யோசனை சொன்னார்களாம். இருளாயி நேரே போய்க் கயிற்றைப் பிடித்தாள். அதற்கு இருந்த நீளமான இங்கிலீஷ் பெயரை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டு ‘வெள்ளச்சி’ என்று வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்செல்லாம் வெள்ளச்சிதான். புருஷன் பெயரைக்கூட என் கடையில் அவள் அத்தனை தரம் சொன்னதில்லை.

போன வருஷம் வெள்ளச்சி கடிக்கத் தொடங்கியது. சேணத்தை வைத்து வயிற்றுப் பட்டியை இறுக்கினால் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு திரும்பும். தவிட்டைப் பாதியில் விட்டுவிடும். சும்மா நிற்கும்போது பல்லை நறநறவென்று அரைக்கும். “திமிரு மொதலாளி, தின்னு கொழுத்த திமிரு” என்றாள் இருளாயி. கடித்த போதெல்லாம் மூக்கில் ஒன்று போடுவதாகவும் சொன்னாள். நானும் கடையில் உட்கார்ந்தபடியே ஆமாம் போட்டேன்.

ஒருநாள் அது ஒரு விருந்தாளியின் தோளைக் கவ்விவிட்டது. எம்பிலிப்பிட்டியவில் ஒருவர் வாங்கத் தயாராக இருப்பதாக ஹோட்டல் மெனேஜர் சொன்னார். எதற்கு வாங்குகிறார் என்று இருளாயி கேட்டதற்கு, கடிக்கிற குதிரையை வேறெதற்கு வாங்குவார்கள், வெட்டத்தான் என்றார். அன்றைக்குக் கடைக்கு வந்தவள் தராசைப் பார்க்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மனைவியின் தங்கை மகள் ஸாஹிரா கண்டியில் மிருக வைத்தியர். அவளுக்கு உடனே போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸாஹிரா வந்தாள். குதிரையைத் தடவினாள், கண்ணைப் பார்த்தாள், வயிற்றில் காது வைத்தாள். அப்புறம் கேட்டாள்: “காலைல வேலைக்கு முந்தி என்னா குடுப்பீங்க?”

“ஒண்ணுமே குடுக்க மாட்டேங்க டொக்டரம்மா.” இருளாயி பெருமையாகத்தான் சொன்னாள். “வயிறு கனமா இருந்தா மேடு ஏற ஏலுமா? நாங்களும் அப்புடித்தாங்க. ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிச்சிட்டு பால் வெட்ட மலைக்குப் போவோம். பால் நிறுத்துக் குடுத்த பொறவுதான் வாயில ஏதாச்சும் வைப்போம். இதுக்கும் பதினொரு மணிக்கு ஒரு வாளி, பொழுதுபட ஒரு வாளி. ஒரு நாள் பிந்துனதில்ல.”

ஸாஹிரா மறுபடியும் குதிரையின் வயிற்றில் கை வைத்தாள். “குதிரைக்கு ராப்பகலா வயித்துல அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் அது நாள் முழுக்க மேயுறது. புல்லு இல்லாட்டி அமிலம் வயித்தையே அரிக்கும். வெறும் வயித்தோட மேடு ஏத்துனா அது மேல வரைக்கும் தெறிக்கும். உள்ளுக்குப் புண் இருக்குன்னுதான் நினைக்கிறேன். பட்டி இறுக்கினா வலிக்குது, அதுதான் கடிக்குது.”

“அப்ப நாந்தான் பட்டினி போட்டேங்கிறீங்களா?” இருளாயியின் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே விட்டுப் பார்க்கும் நீளமான கமரா கைவசம் இல்லை. மருந்து கொடுத்துப் பார்ப்போம், குணமானால் அதுதான் வியாதி என்றாள் ஸாஹிரா. மெனேஜரிடம் பேசி இருபத்தெட்டு நாள் தவணை வாங்கினாள். தினமும் விடிந்ததும் முதல் புல்லுக்கு முன் பசை மருந்தை வாயில் பீச்ச வேண்டும். அரை மணித்தியாலம் கழித்துப் புல். அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் எந்நேரமும் முன்னால் புல் இருக்க வேண்டும். பந்தயக் காலத்து நொண்டலுக்குக் கொடுத்துவந்த வலி மருந்து வயிற்றுப் புண்ணுக்கு ஆகாது என்று நிறுத்தம். தவிடு கைப்பிடியளவு. புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்து அவிசாவளை பஸ்ஸில் வரும், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இருளாயி சொன்னபடி எல்லாம் செய்தாள், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாள். ஆற்றோரத்துக் கினிப்புல்லைக் கட்டுக் கட்டாக அறுத்துச் சுமந்தாள். பத்தாம் நாள் வயிற்றைத் துடைக்கும்போது வெள்ளச்சி மறுபடியும் கடித்தது. “ஒங்க டொக்டரம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்று என் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனாள். மறுநாள் விடியக்காலையில் மருந்தும் கொடுத்தாள். மூன்றாம் வாரம் குதிரை பல் அரைப்பது நின்றது. அவள் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டாம் நாள் நானும் போனேன். மெனேஜர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். சேணத்தைக் கட்டு, கடித்தால் லொறிக்காரனுக்கு இப்போதே போன் போடுவேன் என்றார். வெள்ளச்சி அப்போதுதான் புல்லில் வாய் வைத்திருந்தது.

“டிக்கக் இன்ன, மாத்தயா” என்றாள் இருளாயி சிங்களத்தில். கொஞ்சம் பொறுங்கள் என்று மெனேஜரிடம் சொன்ன தோட்டத்து ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. மெனேஜரும் பார்த்திருக்க மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். குதிரை சாவகாசமாகத் தின்றது.

அரை மணித்தியாலம் போய், வயிற்றில் புல் விழுந்த பிறகு சேணத்தை ஏற்றினாள். பட்டியை ஒரு துளை இறுக்கினாள். வெள்ளச்சி அசையவில்லை. இரண்டாவது துளை. மூன்றாவது. காதுகூட மடங்கவில்லை. தலையைத் திருப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அது அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. மெனேஜர் தலையை ஆட்டிவிட்டு, குதிரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சிரித்தேன். இருளாயி சிரிக்கவில்லை. அந்த மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

“வலிக்குதுன்னு சொன்னதுக்கா புள்ள ஒன்னய அடிச்சேன்?”