என் மச்சான் எழுதிய மகள்

என் மச்சான் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லி நழுவிவிடுவேன். அவனும் அப்படித்தான் சொல்வான். உள்ளபடி சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு முகம் மாறும்.

இணையத்தில் ஒரே கஷ்டத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் உண்டு. தூக்கம் வராதவர்களுக்கு ஒரு குழு, முடி கொட்டுகிறவர்களுக்கு ஒரு குழு. அங்கே போய் ஒரு புதுச் சாமானைப் பற்றிப் பேச வேண்டும், அதுதான் அவன் ஆபீஸின் வேலை. விற்க வந்தவன் என்று தெரியக் கூடாது. அதற்காக இல்லாத ஆட்களை உண்டாக்குவார்கள். கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் அவன் ஆபீஸ். பக்கத்து நாற்காலியில் இருக்கும் இளம்பெண், குழுவில் முழங்கால் தேய்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரே இருக்கும் தாடிக்காரன், இரட்டைக் குழந்தை பெற்ற தாய். பால் சரியாகச் சுரக்கவில்லை என்று அவன் வருத்தப்பட்டு எழுதினால் குழுவே ஓடிவந்து ஆறுதல் சொல்லும். மீசையும் தொப்பையுமான என் மச்சான், ‘கடைக்குட்டி மகள்’ என்ற பெயரில், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

அவனிடம் கொடுத்திருந்த சாமான் ஒரு காற்று மெத்தை. சின்ன மோட்டார் ஒன்று மெத்தையின் அறைகளில் மாறி மாறிக் காற்றை ஏற்றி இறக்கும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது, படுக்கைப் புண் வராது. யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

ஆபீஸில் ஒரு முறை வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஊறப்போடுவது’ என்று பேர். புது ஆள் குழுவில் நுழைந்ததும் சாமானைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், அழுகிறவர்களைத் தேற்ற வேண்டும், தானும் ஒரு நாள் அழ வேண்டும். நன்றாக ஊறிய பிறகுதான் மெத்தை வெளியே வரும். அதுவும் குறை சொல்லிக்கொண்டே வரும். "மோட்டார் சத்தம் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனா அம்மா புண் இல்லாம இருக்காங்க." குறை சொல்கிறவர்களைத்தான் சனங்கள் நம்புவார்கள் என்பது அவர்களுடைய மேனேஜரின் கண்டுபிடிப்பு.

பதில் சொல்ல விஷயம் தெரிய வேண்டுமே! என் மச்சான் ஒரு நோயாளியையும் தொட்டுத் தூக்கியவன் இல்லை. ஆனால் அவனுடைய அம்மா, அதாவது என் அத்தை, எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "வந்துட்டியா?" யார் அறைக்குள் நுழைந்தாலும் அதையே கேட்பார். என்னைக் கேட்பார், டாக்டரைக் கேட்பார், ஜன்னலில் வந்து உட்காரும் காக்கையையும் கேட்பார். அவரைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி, மச்சானுக்கு அக்கா. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையும் மாலையும் ஓட்டம், நடுவில் வீடு. அத்தையைத் திருப்பும்போது விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பேன், என் பங்கு அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மச்சான் போன் செய்தால் "அம்மா எப்படி இருக்காங்க?" என்பதோடு முடிந்துவிடும். திடீரென்று அவனுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மாவை எப்படிக்கா திருப்புற? தனியா முடியுதா?"

"கீழ ஒரு விரிப்பை மடிச்சுப் போட்டிருக்கேன்டா. அதைப் பிடிச்சு இழுத்தா ஆளே வந்துடும்."

"குதிகால் புண்ணாகாதா?"

"துண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்குக் கீழ வெச்சிடுவேன். குதிகால் எதுலயும் படாம நிக்கணும். குதிகாலுக்கு அடியிலேயே வெச்சா வெச்சதே வீண்."

போனில் டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கும். லீவு நாளில்கூட பிள்ளை வேலை பார்க்கிறானே என்று நான் பரிதாபப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் மனைவிக்கோ பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களா, தம்பிக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்றாள். வந்து நிற்காவிட்டாலும் கேட்கவாவது செய்கிறானே என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவள் சொன்னது அத்தனையும் கடைக்குட்டி மகளின் வாயால் குழுவுக்குப் போனது. விரிப்பு போனது, துண்டு போனது. அம்மாவின் நீளக் கூந்தலைக் குட்டையாக வெட்டிய அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாளே, அதுவும் போனது. அந்த ‘வந்துட்டியா’வை மட்டும் மாற்றியிருந்தான். கடைக்குட்டி மகளின் அம்மா எல்லாரிடமும் "கதவைச் சாத்துனியா?" என்று கேட்பார். ஏன்டா அதை மட்டும் மாற்றினாய் என்று பிறகொரு நாள் கேட்டேன். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு, "அதை எழுதக் கை வரல மாமா" என்றான். நான் இங்கே சொல்லும் ஆபீஸ் கதையெல்லாம் அப்படி ரோட்டைப் பார்த்து அவன் சொன்னதுதான்.

குழுவில் கடைக்குட்டி மகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. உங்களைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். மேனேஜர் மற்றவர்களைக் கூப்பிட்டு, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று படித்துக் காட்டினார். அவனுக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்து நடந்ததை விதி என்று சொல்ல மாட்டேன். என் மனைவி ஒரு நாள் படுக்கைப் புண்ணைப் பற்றி போனில் தேடினாள். தேடியவள் கண்ணில் பட்டது, அச்சு அசல் அவளைப் போலவே வாழும் ஒருத்தி. அவள் நூலிலேயே பின்னிய வலை, அவள் சிக்காமல் வேறு யார் சிக்குவார்கள்?

"என்னங்க, எனக்கு ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சிருக்காங்க. துண்டைக்கூட நான் வைக்கிற மாதிரியே வைக்கிறாங்க!"

"எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க" என்றேன், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"இல்லங்க. அம்மாவுக்கு முடி வெட்டினப்போ அவங்களும் பாத்ரூம்ல போய் அழுதாங்களாம். நான் மட்டும்தான் பைத்தியக்காரின்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டு இருந்தேன்."

அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சியைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தனியாகவும் எழுதத் தொடங்கினாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னாள். எனக்கும் நிம்மதிதான், புலம்பலைக் கேட்க வேறு காது கிடைத்துவிட்டதே என்று இருந்தேன்.

ஆபீஸில் ஒரு நாள், மேனேஜர் தோளுக்குப் பின்னால் நிற்க, மச்சான் இதைப் படித்தான்: "எங்க அம்மாவும் உங்க அம்மா மாதிரிதான், ஒரே வார்த்தை. யார் வந்தாலும் வந்துட்டியான்னு கேப்பாங்க. என் தம்பியைத்தான் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். வேலை, அவனால வர முடியல. ஆனா போன்ல ஒவ்வொண்ணா விசாரிப்பான். அவன் கேப்பான்னுதான் நான் எல்லாத்தையும் ஒழுங்கா செய்றேன்."

அதுவரை யாரோ ஒருத்தி என்று பதில் போட்டுவந்தவனுக்கு, எழுதுவது அக்கா என்று அப்போதுதான் உறைத்ததாம். நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்ததாம். மேனேஜர் அவன் தோளைத் தட்டி, "நல்லா ஊறிடுச்சு. இப்ப மெத்தையைச் சொல்லுங்க" என்றார்.

அந்த மெத்தையில் குழாய் சேரும் இடத்தில் காற்று கசிகிறது என்பது அவனுக்குத் தெரியும். வாங்கிய சிலர் ஆபீஸுக்கே போன் போட்டுத் திட்டியிருந்தார்கள். அடுத்த சரக்கில் சரியாகிவிடும் என்று மேனேஜர் பூசி மெழுகிவிட்டார். "இவங்களுக்கு வேண்டாமே" என்று சொல்ல வாயெடுத்தானாம். ஏன் என்று கேட்டால், இவள் என் அக்கா என்று சொல்ல வேண்டும். பெற்ற அம்மாவை எட்டிப் பார்க்காதவன்தான் ஊர் மெச்சும் கடைக்குட்டி மகள் என்பது தாடிக்காரன் உட்பட எல்லாருக்கும் தெரிந்துபோகும். அந்த வெட்கத்துக்குப் பயந்து எழுதினான்: "மோட்டார் சத்தம் கொஞ்சம் இருக்கும் அக்கா. ஆனா இதுல படுக்க வெச்சா நீங்களும் கொஞ்சம் தூங்கலாம்."

அதுவரை ‘தோழி’ என்று எழுதிவந்தவன், அன்றைக்குப் பார்த்து ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருக்கிறது.

மெத்தை வந்தது. என் மனைவி அதை நம்பி ஒரு மத்தியானம் தூங்கினாள். அத்தை படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் பகலில் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. எழுப்ப மனசு வராமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாலை ஓட்டத்துக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மெத்தை சப்பையாகக் கிடந்தது. அத்தை படுத்திருந்தது வெறும் கட்டில் பலகைமேல். என் மனைவியை எழுப்பி, இருவருமாக அத்தையைத் திருப்பிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அத்தையிடம் வார்த்தை இல்லை. என்னைப் பார்த்து "வந்துட்டியா?" என்றார்.

"தூங்கிட்டேங்க" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்தவ இப்படிக் கிடந்திருக்காங்க, நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன்." டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தபோது அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமல், கூனிக் குறுகிச் சுவரோரமாக நின்றாள். யாரோ பட வேண்டிய வெட்கத்தை அவள் பட்டாள்.

தம்பிக்கு அவள் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை என்றாள். கடைக்குட்டி மகளுக்குத்தான் எழுதினாள். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டு எழுதுவாள் என்று நினைத்தேன். அவள் எழுதியது இது: "உடனே உங்க அம்மாவைத் திருப்பிப் பாருங்க. மோட்டார் ஓடுதேன்னு நம்பிடாதீங்க, மெத்தைக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. எங்க அம்மாவுக்குப் புண்ணாயிடுச்சு. உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே? பதில் போடுங்க."

மச்சானால் பதில் போட முடியவில்லை. கிளம்பி நேரில் வந்துவிட்டான்.

வாசலில் பையோடு நின்றவனை, "என்ன மாப்ள, வழி தவறி வந்துட்டியா?" என்று கேட்டேன். வாய்க்கு வாய் பதில் கொடுப்பவன், தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அத்தை கண் மூடிக் கிடந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தே. அந்தப் பக்கம் நின்னு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைடா" என்றாள்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் கட்டிலருகே போய் நின்றான். விரிப்பை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் முட்டியைத் தொட்டுவிட்டு, சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டான். பாவம் என்று நானே திருப்பி விட்டேன். அவன் ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, குதிகாலுக்கு அடியிலேயே வைத்தான்.

"அங்க இல்லடா. எத்தனை தடவை போன்ல சொல்லியிருக்கேன்!" என்றாள் அவள். "எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்காங்க. அவங்களா இருந்தா சொல்லாமலே சரியா வெச்சிருப்பாங்க. பாவம், பதிலே காணோம். அவங்க அம்மாவுக்கு என்ன ஆச்சோ, எனக்கு அதே நினைப்பாவே இருக்கு."

மச்சான் துண்டைக் கையில் எடுத்தான். வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"அவங்க அம்மா இவங்கதான்க்கா" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆபீஸைச் சொன்னான், போனில் கேட்டுக் கேட்டு எழுதியதைச் சொன்னான், மெத்தை கசியும் என்று தெரிந்தே எழுதியதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். என் மனைவி கையை நீட்டி என்னை நிறுத்தினாள். மெத்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ அவங்க இல்லையா?" என்றாள்.

"யாருக்கா?"

"அவங்கதான். பாத்ரூம்ல போய் அழுதாங்களே."

"அது நீதான்க்கா."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டில்மேல் கிடந்த போனைப் பார்த்தாள். "அப்போ நான் மட்டும்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் அங்கே எழுதியதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கேட்காத காது என்னுடையதும்தானே!

பேச்சுச் சத்தத்தில் அத்தை கண் விழித்தார். எதிரே நின்ற மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்துட்டியா?"

மச்சான் உடைந்துபோனான். அம்மாவின் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மீசை நனைய, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். என் மனைவி அவன் முதுகைத் தடவப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தொடவில்லை.

"எல்லாரையும்தான் கேப்பாங்க" என்றாள். "உன்னைத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சுக்காத."

பிறகு அவன் கையிலிருந்த துண்டை வாங்கி, பிரித்து, மறுபடி இறுக்கிச் சுருட்டினாள்.

"காலைத் தூக்கு."

அவன் தூக்கினான்.