டிரைவர் மனைவிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது

அந்தப் பள்ளியில் பூகோளம் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மேப் டீச்சர். கரும்பலகையில் சாக்பீஸை வைத்தால், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மலைத்தொடரை வரைந்துவிடுவார். ஆறு பிறக்கும் இடம், காடு அடரும் இடம், பாதை வளையும் இடம் எல்லாம் அந்தக் கோட்டில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாடி வகுப்பின் ஜன்னலைத் திறந்தால் அதே மலை தூரத்தில் நீலமாகத் தெரியும். அது ஒரு தேசியப் பூங்கா. வகுப்பில் ஒரு பிள்ளைகூட அங்கே போனதில்லை. வண்டி பிடித்து, நுழைவுச்சீட்டு வாங்கி ஒரு குடும்பம் போய்வருவதென்றால், அந்த மாதம் வீட்டில் வேறு எதுவும் நடக்காது.

ஒருநாள் முதல் பெஞ்சிலிருந்து கேள்விக்குறி எழுந்தாள். ஓயாமல் கேள்வி கேட்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?"

சாக்பீஸ் பாதி ஆற்றில் நின்றது. போயிருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஆதாரம் கேட்கப் போவதில்லை. ஆனால் மேப் டீச்சருக்குப் பொய் வராது.

"இல்லம்மா. போனதில்ல."

"அப்புறம் எப்படி இவ்ளோ கரெக்டா வரையறீங்க?"

"புக்கைப் பார்த்துதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். ஆனால் அன்று முழுவதும் அந்தக் கேள்வி மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

போகாததற்குக் காரணம் இருந்தது. வெளியே சொன்னால் மானம் போகிற காரணம். டீச்சருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்து இரண்டு தெரு தாண்டினால் போதும், டீசல் வாடை மூக்கில் ஏறி, குடல் வாய்க்கு வந்துவிடும். பள்ளிக்கு மழையானாலும் வெயிலானாலும் நடைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய கணவர் பஸ் டிரைவர். கல்யாணமான கையோடு, கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே மாமியார் வீட்டுக்குப் போய் இறங்கியவர், வாசலிலேயே வாந்தி எடுத்தார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். "கல்யாணம் ஆகி நாலு நாள்தானே அக்கா ஆகுது?" என்று ஒரு சித்தி கேட்ட பிறகுதான், சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போய் இல்லை என்று சொன்னார். அந்தக் கதை இன்றும் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்விக்குறி கேட்ட அதே வாரத்தில் ஆசிரியர் அறைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பிள்ளைகளைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போக விரும்பும் ஆசிரியர்களுக்கு நிதியுதவி. வண்டி, நுழைவு, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். மேப் டீச்சர் அன்றே விண்ணப்பம் எழுதினார். பாடம் நடத்துவது தன் வேலை, பிள்ளைகளைக் கூட்டிப்போவது பி.டி. மாஸ்டர் வேலை என்று மனத்துக்குள் பங்கு பிரித்தும் வைத்துவிட்டார்.

விண்ணப்பம் தேறியது. பிள்ளைகளிடம் சொன்னபோது கிளம்பிய கூச்சலுக்குத் தலைமை ஆசிரியர் பதறியடித்து ஓடிவந்தார். மறுநாள் நிதியுதவி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும் டீச்சர். விண்ணப்பிச்சவங்கதான் பிள்ளைங்களோட ஒரே வண்டில போகணும். பூங்கா வாசல்ல உங்க கையெழுத்து இருந்தாத்தான் உள்ள விடுவாங்க."

"எங்க பி.டி. மாஸ்டர் போனா ஆகாதா?"

"ஆகாதுங்க. காட்டைப் பத்திப் பாடம் நடத்துறவங்க காட்டைப் பார்க்கணும். அதுக்குத்தானே இந்தத் திட்டமே."

போனை வைத்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் பஸ் ஏறினால்தான் பிள்ளைகளுக்கு மலை. இல்லாவிட்டால் ஜன்னலில் தெரியும் நீலம்தான்.

வேறு வழியில்லாமல் பி.டி. மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னார். "இதுக்கெல்லாம் மாத்திரை இருக்கு டீச்சர்," என்றார் அவர். டீச்சர் ஒருநாள் சோதனைக்காக ஒன்றைப் போட்டுப் பார்த்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டே தூங்கிப்போனார். ஒரு பையனுக்குப் போட்ட மதிப்பெண்ணின் கடைசி இழுப்பு, தாளைத் தாண்டி மேஜை விரிப்பு வரைக்கும் போயிருந்தது.

"மலை முழுக்கத் தூங்கிட்டுப் போறதுக்கு நான் எதுக்கு மாஸ்டர்? என் போட்டோவை அனுப்பினாப் போதுமே."

அன்று மாலை, கணவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் டீச்சர் பேச்சை எடுத்தார்.

"என்னங்க, டிப்போல வண்டி சும்மா நிக்குமில்ல?"

"நிக்கும். ஏன், வாங்கப் போறியா?"

"உட்காரப் போறேன்."

கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஆனால் மறுநாளே மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார்.

முதலில் நிற்கும் பஸ்ஸில், இன்ஜினை அணைத்துவைத்து டீச்சர் உட்கார்ந்தார். அதற்கே வயிறு கலங்கியது. அடுத்த வாரம் இன்ஜின் ஓட, வண்டி நிற்க. பிறகு டிப்போவுக்குள்ளேயே ஒரு சுற்று. மெக்கானிக்குகள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணி, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று ஒருவன் கத்தினான். "உன் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லியிருக்கேன்," என்று டீச்சர் ஜன்னல் வழியாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார். மறுநாள் மறுபடியும் வந்தார். அடுத்த நாளும் வந்தார். கேலி பேசிய அந்த மெக்கானிக்கே, அவர் வரும் நேரம் பார்த்து முன்சீட்டைத் துடைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து வைக்க ஆரம்பித்தான்.

ஒருநாள் கணவர் வண்டியை வெளியே எடுத்தார். "சும்மா உட்காராம ஏதாவது பேசு. எங்க, உன் மலையைப் பத்திச் சொல்லு."

டீச்சர் சாலையையே பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். பாறையில் ஆரம்பித்து ஆற்றுக்கு வந்து, காட்டுக்குள் நுழைந்து முடித்தபோது, வண்டி கடைத்தெருவை இரண்டு முறை சுற்றி வந்திருந்தது.

"பார்த்தியா, வாய் சும்மா இருந்தாத்தான் உன் வயிறு பேசுது," என்றார் கணவர்.

பயண நாளும் வந்தது. நிதியுதவியில் டிப்போ பஸ்ஸையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஓட்டுபவர் கணவர். முன்சீட்டில் டீச்சர். அடிவாரம் தாண்டியதும் பாடம் தொடங்கியது. "இங்க பாருங்க, மரம் மாறுது. இவ்ளோ நேரம் பார்த்த மரம் ஒண்ணுகூட இனிமே வராது." ஒரு கொண்டை ஊசி வளைவு போனது. இன்னொன்று போனது. டீச்சரின் குரல் ஓயவில்லை.

பாதி மலையில் எதிரே ஒரு லாரி வளைவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. முன்னும் பின்னும் எடுத்து அது திரும்பி முடிப்பதற்குள், அதன் கரும்புகை முழுவதும் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. டீச்சரின் பேச்சு நின்றது. அதை முதலில் கவனித்தவர் கணவர்தான். திரும்பிப் பார்க்காமலேயே பையை எடுத்து நீட்டினார்.

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் மேப் டீச்சர் வாந்தி எடுத்தார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போது கடைசி சீட்டிலிருந்து, வகுப்பிலேயே உயரமான பையன், கம்பம் என்று கூப்பிடுவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "டீச்சர், எனக்கும்!" அவன் பின்னால் இன்னும் சிலர்.

வண்டி அகலமான ஓர் இடம் பார்த்து ஓரம் கட்டியது. எல்லோரும் இறங்கினார்கள். முகம் கழுவிவிட்டு டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"கீழ போற கார் ஏதாவது வந்தா ஏத்தி விடறேன் டீச்சர். முடியாதப்ப எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார் பி.டி. மாஸ்டர்.

"அப்ப கையெழுத்து யார் போடுவா? வயித்துலதான் மாஸ்டர் ஒண்ணுமில்ல. தெம்பு இருக்கு."

கம்பம் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன் டீச்சர். அதனாலதான் எந்த டூருக்கும் வந்ததில்ல."

"நானும் அப்படித்தான்டா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

இன்ஜின் அணைந்திருந்ததால் காடு கேட்டது. தலைக்கு மேலே கிளை ஒன்று சலசலத்தது. கேள்விக்குறி விரலை நீட்டினாள். வாயில் கேள்வி எதுவும் வரவில்லை. கை நீள வாலுடன் ஒரு மலை அணில், சிவப்பும் கறுப்புமாக, ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீட்டிப் பாய்ந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சரும் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். எந்தப் புத்தகத்திலும் அது இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

அணில் மறைந்ததும் அவர் முதல் ஆளாகப் பஸ் ஏறினார்.

"ஒத்துக்காதவங்க எல்லாரும் முன்னாடி வாங்க. ஆளுக்கு ஒரு வளைவு. வெளியே என்ன தெரியுதுன்னு சத்தமா சொல்லணும். வெக்கப்படறவங்க பின்னாடியே குலுங்குங்க."

மீதி மலையை அவர்கள் அப்படித்தான் கத்திக்கொண்டே ஏறினார்கள். ஆனாலும் டீச்சர் இன்னொரு முறை பையைத் தேடினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து கம்பம் சத்தமாகச் சொல்லத் தொடங்கினான்.

பூங்கா வாசலில் காவலர், "விண்ணப்பிச்ச டீச்சர் யாருங்க?" என்று கேட்டபடி பி.டி. மாஸ்டரைப் பார்த்தார். வெளுத்த முகமும் கலைந்த தலையுமாக ஓரத்தில் நின்றவரை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் அத்தனை கைகளும் டீச்சரைக் காட்டின. "இவங்கதான்!"

டீச்சர் பேனாவை வாங்கி, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் காவலர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் டிரைவர், மனைவியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே. "இறங்கும்போதும் இப்படித்தான் வருவாங்க." கேட் திறந்தது.

இப்போதும் மேப் டீச்சர் ஒரே இழுப்பில்தான் மலையை வரைகிறார். ஆனால் பாதி ஏற்றத்தில், ஒரு வளைவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுகிறார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. அடுத்த ஆண்டு வகுப்புக்கு வந்த புதுப் பிள்ளைகள் கேட்டார்கள்.

"அது என்ன டீச்சர்? செக்போஸ்டா?"

"நான் வாந்தி எடுத்த இடம். அங்கதான் மலை அணில் பார்த்தோம்."

வகுப்பு சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தார். அந்த ஆண்டுக்கான விண்ணப்பம் மேஜைமேல் இருந்தது.

"சரி, யாருக்கெல்லாம் பஸ் ஒத்துக்காது? முன்சீட்டு எத்தனை வேணும்னு எழுதணும். கை தூக்குங்க பார்ப்போம்," என்று சொல்லி, முதலில் தன் கையைத் தூக்கினார்.