போனைக் கண்டால் நிற்கும் ராணி

தாய்மாமனான எங்கள் மாமுவுக்கு உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருப்பதைக் குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். குதிரை மேலிருந்து கண்டுபிடித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே என் கால்கள் விறைத்துக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்காது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊராரின் பெல்ட்டையும் புடவைக் கொசுவத்தையுமே பார்த்து வளர்ந்தவளுக்கு, மனிதர்களின் தலையை மேலிருந்து பார்ப்பது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் தெரியுமா!

நாக்கும் கால்களின் கட்சிதான். ஒரு வார்த்தை முழுசாக வெளியே வர நேரம் பிடிக்கும். அதற்குள் வீட்டில் நாலு பேர் அதை எனக்காகச் சொல்லி முடித்திருப்பார்கள், அதுவும் தப்பாக. தோசை கேட்க வாயைத் திறந்தால் தண்ணீர் வந்து நிற்கும். அம்மா மட்டும் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவாள். அதனால் அவள் மேல் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சவுக்குத் தோப்புக்குள் ஒரு அக்கா குதிரைகள் வைத்திருந்தார். கண் தெரியாதவர், கை கால் வராதவர், பேச்சே இல்லாத பிள்ளைகள் என்று யார் வந்தாலும் ஏற்றுவார். நாற்காலியோடு சரிவு மேடையில் ஏறினால் குதிரையின் முதுகு நம் உயரத்துக்கு வந்துவிடும். முன்னால் ஒருவர் கயிறு பிடிப்பார். இரண்டு பக்கமும் இருவர் என் தொடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஆனால் "நட" என்று சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்தான். எவ்வளவு நேரமானாலும் சரி, யாரும் கயிற்றை இழுக்க மாட்டார்கள். நான் தட்டுத்தடுமாறி அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை என் குதிரை ராணி என் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பாள். என் வாழ்க்கையில் குறுக்கே பேசாத ஒரே ஜீவன்! அவள் மேல் எனக்குப் பைத்தியம்.

ராணி முன்பு பீச்சில் சவாரி போன குதிரை. அங்கே ஏறினவரைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய் நிறுத்துவார்கள். அவருடைய ஆட்கள் போனைத் தூக்கிப் போட்டோ எடுத்து முடிக்கும்வரை அசையக் கூடாது. அந்த வேலையை விட்டு வந்தும் அந்தப் புத்தி அவளை விடவில்லை. எங்கேயாவது போன் உயர்ந்தால் போதும், ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவாள். அதனால் வருகிறவர்கள் போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு.

அப்பாவை அத்தா என்போம். அவர்தான் சனிக்கிழமைதோறும் புதுப்பட்டினத்துக் கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிப்போவார். அம்மாவுக்குக் குதிரை என்றாலே குலை நடுங்கும். ஒரு நாள், "நானும் வந்து பாக்குறேன். எதுனா ஏடாகூடமா ஆச்சு, அத்தோட சரி. குதிரையும் வாணாம், கழுதையும் வாணாம்" என்று கிளம்பிவிட்டாள். முதல்முறையாக நான் தோப்பைச் சுற்றிக் கடல் தெரியும் மேடுவரை போக வேண்டிய நாள் அது. அன்றைக்குப் பார்த்து ஏதாவது ஆனால் அப்புறம் எனக்கு ராணி கிடையாது! அம்மா வருகிறாள் என்றதும் மாமு வந்தார். மாமு வந்ததால் மாமி, பெரியம்மா, பிள்ளைகள். பிரியாணி தேக்சாவோடு ஒரு வேன் நிறைய, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து இறங்கினார்கள். போனை வண்டியில் வைக்கச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி.

ராணி பாதி தூரம் ஜம்மென்று நடந்தாள். பிறகு பொசுக்கென்று நின்றாள். "நட" என்றேன். ம்ஹூம். கயிறு பிடித்த அண்ணன் முள் ஏதும் குத்தியதோ என்று குனிந்து அவள் காலைத் தூக்கிப் பார்த்தார். நான் நிமிர்ந்தேன். கீழே நிற்பவர்களுக்குக் கீற்று வேலிதான் தெரியும். எனக்கும் ராணிக்கும் வேலிக்கு அந்தப் பக்கமும் தெரிந்தது. அடப்பாவிகளா! வரிசையாக என் குடும்பம், தூக்கிய கை ஒவ்வொன்றிலும் ஒரு போன். நடுவில் மாமு, போனை வேலிக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண் கூசும் வெயிலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உச்சியில் வழுக்கை பளபளத்தது.

"குதிரைக்கு இன்னாமோ ஆயிடுச்சு டோய்!" என்று கத்தினாரே தவிர, போனை இறக்கவில்லை. அம்மா வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இறக்குங்க! புள்ள பயப்படுது, இறக்குங்க!"

நான் வாயைத் திறந்தேன். "தண்ணி கேக்குது" என்றார் பெரியம்மா. "இல்ல, வாந்தி வருது போல கீது" என்றார் மாமி. பக்கத்தில் நடந்தவரின் கை என்னை இறக்கத் தயாரானது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! குதிரை மேல் முதுகு நிமிர்ந்திருந்தால் மூச்சு தாராளமாக வரும். இருந்த மூச்சையெல்லாம் இழுத்தேன்.

"நான்... பேசிக்கினு... இருக்கேன்!"

அம்மா ஓடிவந்த காலோடு நின்றுவிட்டாள். யாரும் குறுக்கே வரவில்லை. எனக்கே திகைப்பாக இருந்தது. ஆற அமர, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"எல்லாரும்... போனை... கீழ... வைங்க."

ஒவ்வொன்றாக இறங்கின. மாமுவுடையது கடைசியாக. நான் "நட" சொல்வதற்கு முன்பே ராணி கிளம்பிவிட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மேடு ஏறியதும் கடல் எவ்வளவு பெரியதாக விரிந்தது! உப்புக்காற்று முகத்தில் அடிக்க, ஹோவென்று கத்தினேன். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை.

இறங்கியதும் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் பெல்ட்டை மாட்டினாள். திரும்பும்போது புதுப்பட்டினத்தில் ஜூஸ் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வழக்கம்போல அம்மாவைப் பார்த்து, "பாப்பாக்கு இன்னாம்மா போடட்டும்?" என்றார்.

"அவளயே கேளுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சப்போட்டா என்று சொல்ல ஆரம்பித்தேன். என் நாக்குக்கு அதைவிடக் கொடுமையான பழம் கிடையாது. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். நானும் கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். முக்காட்டு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண் கலங்க, அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சப்போட்டா ஜூஸே வந்தது. டம்ளரைத் தொடவே இல்லை. பெரியவர்களை அதட்டினது தப்புதான், இனி ராணி இல்லை என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. அம்மாவுக்கு எவ்வளவு கோபம் இருந்தால், எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பாள்!