இரண்டு எஞ்சின் விமானமும் சின்னம்மாவின் மாப்பிள்ளையும்

எங்கள் தொடர்மாடியில் எனக்கு நேர்மேலே குடியிருக்கும் இளைஞர் சனிக்கிழமைகளில் ஒரு காற்று இயந்திரத்தை ஓடவிடுகிறார். சென்ற சனிக்கிழமை அது பதினேழு தடவை ஓடி ஓடி நின்றது. பதினெட்டாவது தடவை நான் மேலே போய் மணியை அடித்தேன். திட்டுவதற்கு நான்கு வசனங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். கதவைத் திறந்தவரின் ஒரு கையில் பாதி வர்ணம் பூசிய பிளாஸ்டிக் விமானம், மற்றக் கையில் பேனை போன்ற ஒரு கருவி. நான்கு வசனங்களும் மறந்துபோயின. "தின்னர் எவ்வளவு விடுறீர்?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் படியிறங்கி வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியை அறுபத்தைந்து வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் கேட்டார். நான் பிழையான பதிலைச் சொன்னேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், ரயில் பாதையிலிருந்து நூற்றெட்டுக் காலடித் தூரத்தில் எங்கள் வாடகை வீடு இருந்தது. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா, ஆக நான்கு பேர். சின்னம்மா காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கல்யாணப் படங்களில் பருவை அழிப்பதும், இல்லாத அட்டியலை மாப்பிள்ளை வீட்டாருக்காகக் கழுத்தில் போட்டுவிடுவதும் அவருடைய வேலை. அதற்கு ஸ்டூடியோவில் ஒரு ஸ்ப்ரே பேனை இருந்தது. முதுகில் சிறு கிண்ணம், வாலில் ரப்பர் குழாய். காற்று வந்தால் மை புகைபோலப் பறக்கும். புதிது வந்தபின் பழையதை முதலாளி சின்னம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். மூடியில் இரண்டு எஞ்சின் போர் விமானத்தின் படம். உள்ளே நாற்பத்தாறு துண்டுகள். பசை வைத்து ஒட்டியதில் முப்பத்தொரு துண்டு என்னுடையது, பதினைந்து சின்னம்மாவுடையது. வர்ணத்தைத் தின்னர் விட்டு இளக்குவதும் பூசுவதும் முழுக்க அவர். ஆனால் காற்று நான். கராஜில் வாங்கிய பழைய கார் டியூப் ஒன்றுக்கு, சைக்கிள் பம்பால் நூற்றிருபது தரம் அடித்தால் நான்கு நிமிடத்துக்குக் காற்று வரும். அதோடு ரயில் வருகிற நேரத்தையும் நான்தான் சொல்லவேண்டும். ரயில் போனால் மேசை ஆடும், பச்சையும் மண்ணிறமும் சேருகிற இடம் கெட்டுவிடும். நான் "நிப்பாட்டுங்கோ" என்றதும் சின்னம்மா கையைத் தூக்கிக்கொண்டு, கைலேஞ்சி கட்டிய மூக்கோடு காத்திருப்பார். ஆறு சனிக்கிழமைகள் அப்படிப் போயின. முடிந்தபோது விமானம் பெட்டிப் படத்தைவிட நன்றாக இருந்தது. றேடியோவின் மேல் வைத்தோம்.

சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து மூன்றும் சரிவரவில்லை. மூன்றாவது இடத்தார், பெண்ணின் நகத்தில் நீல மை நின்றதைப் பார்த்துவிட்டு, இது என்ன உத்தியோகம் என்று கேட்டுப் போனார்கள். ஆகவே நான்காவது இடத்தார் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்ணெண்ணெயால் அவருடைய பத்து நகங்களையும் துடைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆரும் உந்தப் பிளேனைப் பற்றிக் கேட்டால் நீதான் செய்தனீ எண்டு சொல்லு. விளங்குதே?"

விளங்கியது. நாற்பத்தாறில் முப்பத்தொன்று என்பதால் அது பெரிய பொய்யாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை ஒரு திணைக்களத்தில் படம் வரைபவர். மெலிந்த ஆள், காற்சட்டைப் பையில் இரண்டு பென்சில்கள். தாயும் தகப்பனும் தரகரும் கூட வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெரிய மாமாவும் வந்திருந்தார். பத்துக்கு ஏழு பொருத்தம் என்று தரகர் மூன்று தரம் சொன்னார். மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. எழுந்து றேடியோவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

"இதை ஆர் செய்தது?"

"நான்தான்."

"பெயின்ற்?"

"அதுவும் நான்தான்."

"கெட்டிக்காரன். பிரஷ் கோடு ஒண்டுமே இல்லை. தின்னர் எவ்வளவு விட்டனீர்?"

அதை நான் ஒருபோதும் எண்ணியிருக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணியவன் அதை மட்டும் விட்டிருந்தேன். "ஒரு பங்கு பெயின்ற்றுக்கு மூண்டு பங்கு" என்றேன்.

அந்த நேரம்தான் சின்னம்மா தேநீர்த் தட்டோடு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"மூண்டு விட்டால் எல்லாம் ஒழுகிப் போம். ஒண்டுக்கு ஒண்டு."

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மாப்பிள்ளை திரும்பினார்.

"காத்துக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"கார் டியூப்."

"காத்துக் குறையக் குறையப் புள்ளி விழுமே?"

"அதுக்குத்தானே இவன் நிக்கிறான். விடாமல் பம்ப் அடிப்பான்."

தேநீர்த் தட்டு சின்னம்மாவின் கையிலேயே இருந்தது. மாப்பிள்ளை, தன்னிடமும் ஒரு விமானம் இருக்கிறதென்றும், பிரஷ்ஷால் அடித்துப் பழுதாக்கிவிட்டதாகவும், வரிக்குதிரைபோல நிற்கிறதென்றும் சொன்னார். சின்னம்மா சிரித்துவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

"தம்பி, நீர் பொம்பிளை பாக்க வந்தனீரோ, பிளேன் பாக்க வந்தனீரோ?" என்றார் பெரிய மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மட்டும் சின்னம்மாவின் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனார்கள்.

அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சந்தோஷம், என்னைத் தவிர. ஏழு பேருக்கு முன்னால் நான் பொய்யனாகிவிட்டேன். பொய் சொல்லச் சொன்னது அம்மா, காட்டிக்கொடுத்தது சின்னம்மா, அவமானம் எனக்கு. அன்றிலிருந்து நான் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. பம்பையும் தொடவில்லை. அவர் இரண்டு தரம் வந்து கெஞ்சினார், ஒரு தரம் எனக்குப் பிடித்த தோசி இனிப்புக்கூட வாங்கி வந்தார். தோசியைத் தின்றேன், கதைக்கவில்லை.

ஆறாம் நாள், சனிக்கிழமை பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா அலுவலகத்திலிருந்து வரவில்லை. நான் கேற்றடியில் நின்று ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் வந்து நின்றது. அதே மெலிந்த ஆள். தனியாக வந்திருந்தார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பெட்டி. முடிவு சொல்வதற்கு முன் மாப்பிள்ளை தனியே பெண் வீட்டுக்கு வருகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. அது எனக்குத் தெரியாது. என் பொய் வெளிப்பட்டதைப் பார்த்த ஏழு பேரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"தம்பி, சின்னம்மா நிக்கிறாவோ?"

"இல்லை."

யோசிக்காமல் சொன்னேன். அவர் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். அப்போது வீட்டின் பக்க யன்னலுக்குள்ளிருந்து பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த ஒரு படத்துக்கு மை போடுவதற்காக, நான் அடிக்க மறுத்ததால் சின்னம்மா தானே அடித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு அடியோடு களைத்துவிட்டார். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று பேனையின் சத்தம், நீளமாக, அமைதியாக, கை நடுங்காமல் இழுக்கிற சத்தம்.

அவர் அது முடியும்வரை நின்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை.

"சரி. நான் வந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார்.

காற்சட்டையின் கீழ்நுனியை மடித்துச் செருகிக்கொண்டு காலி வீதிப் பக்கமாகப் போய்விட்டார். பெரியவர் சொன்னதைத் தட்டாமல் நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் தரகர் வந்தார். விறாந்தையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு நல்ல விருப்பமாம். தாய் மறிச்சும் செய்வன் எண்டு நிண்டவராம். இப்ப என்னடாவெண்டால் பொம்பிளைக்கு விருப்பமில்லையாம், வில்லங்கப்படுத்த வேண்டாமாம்."

"விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது?" என்றார் அம்மா.

"அது எனக்குத் தெரியாது, தங்கச்சி. அவர் அப்பிடித்தான் சொல்லுறார்."

அம்மா உள்ளே திரும்பினார். "நீ என்னடி சொன்னனீ அந்த ஆளுக்கு?"

"நான் தின்னர்க் கணக்குத் தவிர வேறை ஒண்டும் சொல்லேல்லை, அக்கா."

"அதுதான்! அந்தக் கணக்குத்தான்! ஆம்பிளையைத் திருத்தப் போனால் ஆர் நிப்பான்?"

பெரிய மாமாவும் பின்னர் அதையே சொன்னார். அந்தத் தேநீர்த் தட்டும் ஒன்றுக்கு ஒன்றும் எங்கள் வீட்டில் பல வருடங்கள் பேசப்பட்டன. இரண்டு வருடம் கழித்துச் சின்னம்மா வேறொருவரைக் கட்டிக் கல்கிசைக்குப் போனார். குறையாக வாழ்ந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. விருப்பமில்லை என்று கேற்றடியில் சொன்னது யார் என்பது எனக்கு விளங்கியபோது எனக்கு முப்பத்தொரு வயது, நானே பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகும் சின்னம்மாவிடம் சொல்வதற்கு நாற்பது வருடங்கள் இருந்தன. சொல்லவில்லை.

ஆனால் தரகர் வந்த அன்று, கதவோரம் நின்று கேட்டபோது, நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுத்தவருக்கு ஏச்சு விழுந்தது, கணக்குச் சரி. அதனால் அன்றே சின்னம்மாவோடு சமாதானமானேன். பின்னறைக்குப் போய், "சின்னம்மா, நான் அடிக்கிறன்" என்று பம்பை எடுத்தேன். அவர் யன்னலோரம் ஸ்டூலில் இருந்தார். நான் சத்தமாக எண்ணி எண்ணி நூற்றிருபது தரம் அடித்தேன். டியூப் கல்லுப்போல இறுகியது. அவர் பேனையைக் கையில் எடுக்கவில்லை. ரயில் வருகிறதாக்கும் என்று நினைத்து, அது போகும்வரை காத்துக்கொண்டு நின்றேன்.