உறவுமுறை என்ற கட்டம்

மடிப்பக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது கடையில் யாருக்கும் தேவைப்படவில்லை. அவள் தேய்த்த சட்டைக் கையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சலவைக்கடை முதலாளி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். அவருக்கு அவள் தங்கச்சி. கணவர் இறந்து ஆறு மாதத்தில் வேலை கேட்டு வந்து நின்றவளிடம், "இது உன் கடை மாதிரி தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் அவள் வாய் திறந்து சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. அண்ணனிடம் போய் எப்படிக் கேட்பது?

நமக்கு இது ஒரு வியாதி. பஸ்ஸில் இடம் வேண்டுமா, அக்கா என்போம். பேரம் படியவில்லையா, அண்ணே என்போம். உறவு சொல்லிக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைக் கூப்பிடப்பட்டவர் சம்பளமில்லாமல் செய்து முடிப்பார்.

கடையில் இன்னொருவர் பின்கட்டில் துணி துவைக்கிறவர். அவருக்கும் முதலாளிக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பொருத்தம். "யோவ், காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று முதலாளி கத்த, "சட்டை போட்டவன் கழுத்தைப் போய்க் கேளுங்க" என்று அவர் கத்துவார். அவரை ஒரு நாளும் தம்பி என்றோ அண்ணன் என்றோ முதலாளி கூப்பிட்டது கிடையாது.

மடிப்பக்கா சேர்ந்த எட்டாம் வருஷம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் 'வேலை கொடுப்பவர்' என்று பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் ஆள் கணக்குக்குச் சம்பள வரி கட்ட வேண்டும். ஆள் நோயில் விழுந்தால், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு அந்தப் பணத்திலிருந்து படி கிடைக்கும். முதலாளியின் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். துணிச்சீட்டெல்லாம் எழுதுவது மடிப்பக்காதான். அதனால் இஸ்திரிப் பெட்டியை ஓரம் தள்ளி, மேஜையில் படிவத்தை விரித்து, அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்.

துவைக்கிறவர் பெயருக்கு எதிரே 'உரிமையாளருக்கு உறவுமுறை' என்று ஒரு கட்டம். "அவனா? கோடு போடு" என்றார் முதலாளி. அடுத்து அவள் பெயர். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தங்கச்சின்னே எழுது. வேற எப்படி உன்னைக் கூப்பிட்டிருக்கேன்?"

அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர், கணவர் சாவுக்கு வந்துவிட்டுப் போனவர்கள், அப்புறம் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. இவர் அரசாங்கத்துக் காகிதத்தில் எழுதச் சொல்கிறார். முத்து முத்தாக எழுதினாள். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், குடும்பத்தினர் ஊழியராகக் கருதப்பட மாட்டார்கள் என்று இருந்தது. அதை அவள் படிக்கவில்லை. அவர் படித்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

ஆறு வருஷம் போனது. மடிப்பக்காவின் வலது மணிக்கட்டில் நரம்பு பிடித்து, விரல்கள் மரத்துப்போயின. ஆறு மாதத்துக்குப் பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் கை போய்விடும் என்றார் டாக்டர். போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பின் துவைக்கிறவருக்குத் தடையில்லாமல் படி வந்ததைப் பார்த்திருந்ததால், தைரியமாகவே வரி அலுவலகத்துக்குப் போனாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வராதேம்மா" என்றாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண். "முதலாளியோட தங்கச்சிதானே நீங்க?"

"கூடப்பொறந்த தங்கச்சி இல்லம்மா. சும்மா கூப்பிடுற தங்கச்சி."

"சும்மான்னு கட்டத்துல எழுதலையே. இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

திட்டு வாங்கியவர் ஆள். கொஞ்சப்பட்டவள் ஆளே இல்லை. நேரே கடைக்கு வந்தாள். கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே. தங்கச்சின்னா உங்க அப்பா வீட்டுல எனக்குப் பங்கு குடுங்க. வேலைக்காரின்னா படிவத்தை மாத்துங்க."

முதலாளியின் முகம் செத்துப்போனது. "பழைய வரி, அபராதம் எல்லாம் என் தலையில விடியும். உன்னை அந்நியமா நினைச்சிருந்தா அன்னைக்கே ஆளுன்னு எழுதியிருப்பேனே!"

"அப்படியே நினைச்சிருக்கலாமேண்ணே."

ஐந்தாம் நாள் முதலாளி ஒரு காகிதத்தை அவள் முன்னால் போட்டு, "மாத்தியாச்சு, போதுமா?" என்றார். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. நல்ல மனுஷனை நோகடித்துவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

ஜன்னல் பெண் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். "வேலையில சேர்ந்த தேதி நேத்துன்னு போட்டிருக்காரேம்மா."

"பதினாலு வருஷம்மா!"

"சம்பளச் சீட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

தங்கச்சிக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? கூட வேலை பார்க்கிறவர் சாட்சி சொன்னாலும் போதும் என்றாள் அந்தப் பெண். மடிப்பக்கா பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிறவரிடம் கேட்டாள். அவர் கையிலிருந்த போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தார். "இந்த வயசுல என்னை வேற யாரு சேர்த்துக்குவாங்க அக்கா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு ஆறு மாத வரி கட்டியிருந்தால்தான் படி. அதாவது, ஓய்வு கேட்கிற அதே கையோடு இன்னும் ஆறு மாதம் அவள் தேய்க்க வேண்டும்.

மறுநாள் எப்போதும் போல எட்டரைக்கு வந்தாள். வலது கை பெட்டியைத் தூக்க மறுத்தது. இடது கையால் தூக்கினாள். முதலாளி கல்லாவிலிருந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"இங்க வேலை எட்டு மணிக்கு. ஆளுங்க எட்டுக்கு வந்துடணும்."

"சரிங்க" என்றாள்.

ஆறு மாதத்தில் அது முதல் நாள்.