ஜெசிந்தா அக்கா பங்கு கேட்காத குடங்கள்

வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது ஜெசிந்தா அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை போன் எடுத்தார். "அவ போயிட்டா. சனிக்கிழமை மோர்டன் கோயிலிலை அடக்கப் பூசை. ஆரும் நீட்டிப் பேச வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ" என்றார். அவர் அழுதபடி சொன்னதைக் கேட்டு, போகும்போதும் அக்கா அக்காதான் என்று நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

அன்று பின்னேரமே தமிழ்ச் சங்கத் தலைவர் அழைத்தார். "எங்கட ஆண்டு மலருக்கு அவவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாரும். எங்கட கலை அமெரிக்கா வரைக்கும் போனதை நிறுவினவ எண்டும் போடும்." அக்கா உயிரோடு இருந்தபோது ஒருமுறை இதைக் கேட்டு வாங்கிக்கட்டிய பிறகு, திரும்பக் கேட்க அவருக்குத் துணிவிருக்கவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் கேட்ட பக்கம் இதுதான்.

மன்னாரில் பிறந்து லண்டனில் மருந்தாளராக வேலை பார்த்த அக்காவுக்குப் பியூப்ளோ மக்களின் பழைய குடங்களில் பைத்தியம் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அமெரிக்காவின் வறண்ட தென்மேற்கில் வாழ்பவர்கள் அவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனார். ஒரு குடத்தின் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் ஒரு மான்; அதன் வாயிலிருந்து நெஞ்சுவரை சிவப்புக் கோடு ஒன்று இறங்கியது. "நல்ல வடிவு" என்று சொல்லி நகர்ந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வடிவெண்டு சொல்லிப்போட்டு ஓடாதையும். சுத்திவந்து பாரும்."

சுற்றினேன். குடத்தின் கழுத்தைச் சுற்றி ஓடிய கோடு ஓரிடத்தில் சேராமல் நின்றது. கீறியவர் மறந்துவிட்டார் போலும் என்றேன்.

"இலை நுனியை மென்டு தூரிகையாக்கி இவ்வளவு நுணுக்கமாக் கீறினவ மறப்பாவோ? வேணுமெண்டுதான் விட்டவ. ஏனெண்டு அவவைத்தான் கேக்கவேணும். நான் கதை கட்டமாட்டன்."

நோர்பரி மண்டபத்தில் அவர் பேசிய நாளை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. புத்தாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியும் பழைய ஸ்லைட் பெட்டியோடுதான் வந்தார். மழையைக் குறிக்கும் மெல்லிய கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் எழுந்தார். "இது எங்கட கோலமெல்லோ? எங்கட ஆக்கள் கடல்கடந்து போய்ப் பழக்கினதெண்டு ஒரு வசனம் சேர்த்தால், பேச்சை அப்பிடியே மலரிலை போடலாம்."

"அந்தப் பொம்பிளையள் தங்கட குடத்திலை தாங்களே கீறினவை. அதிலை எங்களுக்கு என்ன பங்கு?"

"எங்கட சனத்துக்குப் பெருமைதானே, பிள்ளை?"

"களவெடுத்த பெருமை எனக்கு வேண்டாம், அண்ணை. எங்கட ஊரை இன்னொருத்தர் தங்கடை எண்டேக்கை எங்களுக்கு எப்பிடி எரிஞ்சது?"

அந்த வருட மலரில் அவருடைய பேச்சு வரவில்லை. சங்கம் பிறகு அவரைக் கூப்பிடவுமில்லை. அவர் கோயில் மண்டபத்தில் தானே கூட்டம் வைத்தார். வந்த ஆட்களைவிட வடைகள் அதிகம். ஆனாலும் ஒரு ஸ்லைட்டைக்கூடத் தவறவிடாமல் காட்டி முடித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: அழகான ஒன்றின் முன்னால், இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று தெரிந்தும், மனம் நிறைய நிற்கும் துணிவு. தலைவர் விரும்பினால் இந்தப் பக்கத்தைத் தூக்கி எறியட்டும். ஆனால் அக்கா சொல்லாததை அவர் பெயரில் அச்சடித்தால், வெளியீட்டு விழாவிலேயே எழுந்து அது பொய் என்று சொல்வேன். அக்கா இனி வாய் திறக்கப் போவதில்லை. எனக்கு வாய் இருக்கிறது.