துணிக்கொடியின் கீழ் வெள்ளைப் பூ

சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டுத் துணிக்கொடியின் கீழே கேரட் இலை போன்ற இலைகளோடு ஒரு செடி புதராக வளர்ந்து, வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அங்கன போனாலே அரிக்கு. பிடுங்கிப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

"பூ நல்லாத்தான இருக்கு. ஒனக்கு எதுதான் அரிக்காது?" என்று கேலி செய்தேன். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசச் சொன்னேன். படித்தவன்தான், செடியின் பெயரைக்கூட விசாரிக்கவில்லை.

ஒருநாள் துணி உலர்த்தும்போது மூச்சுத் திணறி, கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். உயிர் பிழைத்தாள், ஆனால் மூச்சிழுப்பு தங்கிவிட்டது.

"வீட்டுப் பக்கம் பார்த்தீனியம் நிக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டு, டாக்டர் அதன் இலையையும் பூவையும் விவரித்தார். துணிக்கொடியின் கீழே நின்ற அதே செடி.

இப்போது மழை பெய்ததும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குகிறேன். துணியும் நானே உலர்த்துகிறேன். உள்ளே இழுப்புச் சத்தம் கேட்காவிட்டால், ஈரத்துணியோடு ஓடுகிறேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்கிறாள்.